புத்தகம் இருக்கிறது, வாங்க முடியாது!

அமெரிக்காவில் 2014-ம் ஆண்டு மே மாதம் ஒரு விசித்திரம் நடந்தது. புத்தகங்கள் அச்சாகித் தயாராக இருந்தன. பதிப்பகத்தின் கிடங்கில் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்கப்பட்டு இருந்தன. விற்பதற்கு அந்த நாட்டின் மிகப் பெரிய புத்தகக் கடை இருந்தது. வாங்குவதற்குக் கையில் பணத்தோடு வாசகர்கள் இருந்தார்கள். ஆனாலும் புத்தகம் வந்து சேரவில்லை!

வழக்கமாக இரண்டொரு நாளில் வீட்டு வாசலுக்கு வந்துவிடும் புத்தகத்துக்கு, மூன்று வாரம் ஆகும், ஐந்து வாரம் ஆகும் என்று தவணை சொன்னது கடை. எப்போதும் கொடுக்கும் தள்ளுபடியைப் பல நூல்களுக்குக் காணவில்லை. இனிமேல் வெளிவர இருந்த நூல்களுக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளும் வசதியே மறைந்துவிட்டது. ஹாரி பாட்டர் கதைகளை எழுதிய ஜே.கே.ரவுலிங், ராபர்ட் கால்பிரெய்த் என்ற புனைபெயரில் எழுதிய "தி சில்க்வார்ம்" என்ற துப்பறியும் நாவலும் இதில் சிக்கிக்கொண்டது.

அச்சகத்தில் வேலைநிறுத்தம் இல்லை. காகிதப் பஞ்சம் இல்லை. லாரிக்காரர்கள் சக்கரத்தை நிறுத்தவில்லை. கடைக்காரருக்கும் பதிப்பாளருக்கும் தகராறு. அவ்வளவுதான்.

கடையின் பெயர் அமேசான். பதிப்பகத்தின் பெயர் ஹாசெட்.

அமேசான் 1995-ம் ஆண்டு சியாட்டில் நகரில் இருந்து இணையதளம் மூலம் புத்தகம் விற்கத் தொடங்கிய நிறுவனம். பிறகு செருப்பு முதல் சீப்பு வரை விற்றாலும், அதன் பிள்ளையார் சுழி புத்தகம்தான். ஹாசெட், அமெரிக்காவின் ஐந்து பெரிய பதிப்பகங்களில் ஒன்று. அதன் தாய் நிறுவனம் பிரான்ஸ் நாட்டில் இருக்கிறது. இரண்டும் சிறிய ஆட்கள் அல்ல. இரண்டும் முறைத்துக்கொண்டபோது, நடுவில் நின்ற வாசகர் மத்தளம் ஆனார்.

சண்டை எதற்காக?

விலைக்காக. அதுவும் காகிதப் புத்தகத்தின் விலைக்காக அல்ல, மின்நூலின் விலைக்காக.

2007-ம் ஆண்டு நவம்பரில் அமேசான் "கிண்டில்" என்ற சிலேட்டு போன்ற கருவியைக் கொண்டுவந்தது. நூலை அதில் இறக்கிக்கொண்டு படிக்கலாம். புதிதாக வந்த பிரபல நூல்கள் அதில் 9 டாலர் 99 சென்ட் என்று அமேசான் விலை வைத்தது. கெட்டி அட்டைப் புத்தகம் 26 டாலர் விற்ற காலம் அது. வாசகர்கள் மகிழ்ந்துபோனார்கள்.

பதிப்பகங்கள் மகிழவில்லை. இங்கே ஒரு சின்னக் கணக்கைப் பார்க்க வேண்டும். 26 டாலர் புத்தகத்தின் மின்பதிப்பைப் பதிப்பகம் சுமார் 13 டாலருக்குக் கடைக்குக் கொடுத்தது. கடை அதை 10 டாலருக்கு விற்றது. ஒவ்வொரு பிரதிக்கும் 3 டாலர் கைநஷ்டம்! எந்த மளிகைக் கடைக்காரராவது 13 ரூபாய் அரிசியை 10 ரூபாய்க்கு விற்பாரா? விற்பார், பக்கத்துக் கடையை மூட வைக்க வேண்டும் என்றால், அல்லது வாடிக்கையாளரைத் தன் கடையோடு கட்டிப்போட வேண்டும் என்றால் விற்பார். கிண்டில் வாங்கியவர், புத்தகத்தையும் அந்தக் கடையில்தானே வாங்க வேண்டும்?

"பத்து டாலர்தான் புத்தகத்தின் நியாய விலை என்ற எண்ணம் மக்கள் மனதில் ஊறிவிட்டால், நாளைக்கு நம்மிடம் வந்து கொள்முதல் விலையைக் குறைக்கச் சொல்வார்கள். 26 டாலர் புத்தகத்தை யார் வாங்குவார்கள்?" என்பது பதிப்பகங்களின் கவலை.

அப்போது ஆப்பிள் நிறுவனம் குறுக்கே வந்தது. 2010-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி அது ஐபேடை அறிமுகப்படுத்தியது. கூடவே பதிப்பகங்களிடம் ஒரு புதிய ஏற்பாட்டையும் பேசி முடித்திருந்தது. விலையைப் பதிப்பகமே வைத்துக்கொள்ளலாம். கடைக்கு 30 சதவீதம் கமிஷன் மட்டும். அதாவது 14 டாலர் 99 சென்ட் என்று பதிப்பகம் விலை வைத்தால், சுமார் 4½ டாலர் கடைக்கு. சுமார் 10½ டாலர் பதிப்பகத்துக்கு.

வேடிக்கையைப் பாருங்கள். பழைய முறையில் 13 டாலர் பெற்ற பதிப்பகம், புதிய முறையில் 10½ டாலர் பெறத் தயாரானது. குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, விலையின் கடிவாளம் நம் கையில் இருந்தால் போதும் என்று நினைத்தது. கடைக்கு நஷ்டம் போய்க் கமிஷன் வந்தது. கூடுதலாக 5 டாலரை எடுத்துக் கொடுத்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறைந்த பொத்தான்கள்

இந்தப் புதிய ஏற்பாட்டை ஏற்கும்படி சொல்ல, மேக்மில்லன் பதிப்பகத்தின் தலைவர் ஜான் சார்ஜென்ட் சியாட்டிலுக்கு நேரிலேயே போனார். பேச்சு முறிந்தது. ஜனவரி 29-ந் தேதி வெள்ளிக்கிழமை, அமேசான் தளத்தில் மேக்மில்லன் நூல்களுக்குக் கீழே இருந்த "வாங்கு" பொத்தான்கள் மறைந்துவிட்டன. மின்நூல் தகராறுக்காகக் காகிதப் புத்தகங்களின் பொத்தானையும் எடுத்துவிட்டார்கள். வெளி ஆட்கள் அந்தத் தளத்தில் வைத்து விற்ற பிரதிகள்தான் மிச்சம்.

இரண்டே நாளில் அமேசான் இறங்கி வந்தது. மேக்மில்லன் நூல்கள் மேக்மில்லனிடம் மட்டும்தானே கிடைக்கும், வேறு வழியில்லை என்று அறிவித்தது. மற்றப் பெரிய பதிப்பகங்களும் அதே வழியில் விலை வைத்தன. பல புதிய நூல்களின் மின்பதிப்பு 13 டாலர், 15 டாலர் என்று ஏறியது.

இதை அமெரிக்க அரசு விடவில்லை. ஆப்பிளும் ஐந்து பதிப்பகங்களும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு விலையை ஏற்றியதாக 2012-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி வழக்குத் தொடர்ந்தது. பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சமரசம் செய்துகொண்டன. ஆப்பிள் மட்டும் கடைசி வரை வாதாடியது. 2013-ம் ஆண்டு ஜூலையில் நீதிபதி டெனிஸ் கோட், ஆப்பிள் மீது குற்றம் என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீடுகள் தோற்று, 2016-ம் ஆண்டு மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டும் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. வாசகர்களுக்கு ஆப்பிள் கொடுக்க வேண்டிய தொகை 40 கோடி டாலர்.

கேட்பதற்குப் பெரிய தொகை. வாசகர் கைக்கு வந்தது எவ்வளவு? விற்பனைப் பட்டியலில் முன்னணியில் இருந்த மின்நூல் ஒன்றுக்கு 6 டாலர் 93 சென்ட். மற்ற நூல் ஒன்றுக்கு 1 டாலர் 57 சென்ட். பெரும்பாலோருக்கு அது ரொக்கமாகக்கூட வரவில்லை. கடைக் கணக்கில் வரவு வைத்தார்கள். அதாவது, அதே கடையில் இன்னொரு புத்தகம் வாங்க வேண்டும்!

வாசகருக்காக இருவரும் விட்ட கண்ணீர்

சமரசம் செய்துகொண்ட பதிப்பகங்களின் பழைய ஒப்பந்தங்கள் முடிந்து, புதிய ஒப்பந்தம் பேசும் வேளை வந்தபோதுதான் 2014-ம் ஆண்டு தகராறு வெடித்தது.

இந்த முறை அமேசான் பொத்தானை அடியோடு எடுக்கவில்லை. அதைவிட நுட்பமான வழியைக் கையாண்டது. சரக்கைக் குறைவாக வாங்கி வைத்தது, தாமதப்படுத்தியது, தள்ளுபடியை வெட்டியது. புத்தகம் இல்லை என்று சொல்லவில்லை. காத்திருக்கச் சொன்னது. காத்திருக்கப் பொறுமை இல்லாத வாசகர் வேறு பதிப்பகத்தின் நூலை வாங்கிக்கொண்டு போவார் என்பது கணக்கு. அமேசானின் வரலாற்றைப் பற்றி பிராட் ஸ்டோன் எழுதிய "தி எவ்ரிதிங் ஸ்டோர்" என்ற நூலும் ஹாசெட் குழுமத்தின் வெளியீடுதான். அதன் சாதா அட்டைப் பதிப்பும் அந்த மே மாதத்தில் கிடைக்கவில்லை என்று காட்டியது கடை. சிறிய பதிப்பகங்களை, நோயுற்ற மானைச் சிறுத்தை துரத்துவது போல அணுக வேண்டும் என்று அமேசான் தலைவர் ஜெப் பெசோஸ் ஒருமுறை சொன்னதாக எழுதியிருப்பதும் அந்த நூல்தான்.

இரண்டு தரப்பும் வாசகர் பெயரைச் சொல்லியே வாதாடின. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

அமேசான் ஜூலை 29-ந் தேதி ஒரு கணக்கை வெளியிட்டது. 14 டாலர் 99 சென்ட் விலையில் ஒரு லட்சம் பிரதி விற்கும் மின்நூல், 9 டாலர் 99 சென்ட் விலையில் 1 லட்சத்து 74 ஆயிரம் பிரதி விற்கும். வாசகருக்கு 5 டாலர் மிச்சம், எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் கூட மொத்த வருமானம் அதிகம் என்று வாதிட்டது. கணக்கு தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் பத்து டாலருக்கு விற்க முடிந்த புத்தகத்தை ஐந்து வாரம் தாமதப்படுத்துவது வாசகருக்கு எப்படி நன்மை என்பதற்கு அந்தக் கணக்கில் பதில் இல்லை.

ஹாசெட், எழுத்தாளருக்குக் கொடுக்கும் முன்பணம், பிழை திருத்துகிறவர், அட்டை வரைகிறவர் என்று செலவுகளைச் சொன்னது. அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் வழக்கில் முதல் நாளே சமரசம் செய்துகொண்ட பதிப்பகங்களில் அதுவும் ஒன்று என்பதை அது நினைவூட்டவில்லை.

எழுத்தாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். டக்ளஸ் பிரெஸ்டன் என்ற நாவலாசிரியர் எழுதிய பகிரங்கக் கடிதத்தில் 900-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். ஸ்டீபன் கிங், ஜான் கிரிஷாம் போன்றோரும் அதில் அடக்கம். ஆகஸ்டு 10-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, தங்கள் கைப்பணம் 1 லட்சத்து 4 ஆயிரம் டாலர் செலவழித்து "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையில் அதை விளம்பரமாக வெளியிட்டார்கள். எதிர்த் தரப்பில், பதிப்பகங்கள் கதவைத் திறக்காததால் அமேசான் மூலம் தாங்களே நூல் வெளியிட்டுப் பிழைக்கும் எழுத்தாளர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்துத் திரட்டினார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது அமேசான்தான். அவர்கள் கோபத்தையும் குறை சொல்வதற்கில்லை.

ஒரு முதல் நாவலின் அதிர்ஷ்டம்

தகராறில் மிகவும் அடிபட்டவர்கள் புகழ் பெற்றவர்கள் அல்ல. ரவுலிங்கின் நூலை வாசகர்கள் எந்தக் கடையில் தேடியாவது வாங்கிவிடுவார்கள். முதல் நூலை எழுதிவிட்டுக் காத்திருப்பவர் கதி என்ன? முன்பதிவு இல்லாவிட்டால் வெளியான வாரத்தில் விற்பனை இராது. முதல் வாரத்தில் விற்காத நூலை மற்றக் கடைகள் திருப்பி அனுப்பிவிடும்.

ஈடன் லெபூக்கி என்ற பெண் எழுத்தாளரின் "கலிபோர்னியா" என்ற முதல் நாவல் அப்படிச் சிக்கியது. அதற்கு ஒரு கோமாளி கைகொடுத்தார். தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர் ஸ்டீபன் கோல்பேரின் நூல்களும் ஹாசெட் வெளியீடுகள். அவர் ஜூன் மாதம் தமது நிகழ்ச்சியில், இந்த நாவலை போர்ட்லாண்ட் நகரில் உள்ள பவல்ஸ் என்ற கடையில் முன்பதிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆயிரக்கணக்கில் ஆர்டர்கள் குவிந்தன. ஜூலையில் வெளியானதும் "நியூயார்க் டைம்ஸ்" விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது அந்த முதல் நாவல்.

ஒருவருக்கு லாட்டரி விழுந்தது. தொலைக்காட்சியில் பெயர் வராத மற்ற முதல் நாவல்களுக்கு அப்படி யாரும் கைகொடுக்கவில்லை.

2014-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி சமரசம் ஏற்பட்டது. மின்நூல் விலையை ஹாசெட்டே வைத்துக்கொள்ளும். விலையைக் குறைத்தால் கடை சலுகை தரும் என்பது உடன்பாடு. இரு தரப்பும் வெற்றி என்றன. விலையைப் பதிப்பகங்களே வைத்த பிறகு, கடை தள்ளுபடி தரக்கூடிய காகிதப் புத்தகம் சில நூல்களில் மின்நூலைவிட மலிவாகிப்போனது. அச்சடித்து, பைண்டு செய்து, லாரியில் ஏற்றி வந்தது மலிவு. கம்பியில்லாமல் காற்றில் வந்தது கிராக்கி!

வாங்கியது சொந்தமா?

மின்நூல் விஷயத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. 2009-ம் ஆண்டு ஜூலையில், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய "1984", "விலங்குப் பண்ணை" ஆகிய நூல்களைக் கிண்டிலில் வாங்கியவர்கள் ஒருநாள் பார்த்தபோது, நூல்களைக் காணவில்லை. அவற்றை அமேசான் மூலம் விற்ற ஒரு நிறுவனத்துக்கு அமெரிக்காவில் வெளியிடும் உரிமை இல்லையாம். உரிமைக்காரர் புகார் செய்ததும், வாசகர்களின் கருவிக்குள் இருந்தே அமேசான் நூலை அழித்துவிட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது. பள்ளிப் பாடத்துக்காகப் படித்து, கிண்டிலில் குறிப்புகள் எழுதி வைத்திருந்த ஒரு மாணவர் வழக்குப் போட்டார். பெசோஸ் மன்னிப்புக் கேட்டார்.

உரிமை இல்லாமல் அச்சான காகிதப் புத்தகத்தை விற்றுவிட்டால், கடைக்காரர் இரவில் வீடு புகுந்து அலமாரியில் இருந்து எடுத்துக்கொண்டு போக முடியுமா? மின்நூலில் முடிந்தது. அரசு எல்லாவற்றையும் கண்காணித்து, வேண்டாத எழுத்தை அழித்துவிடுவதைச் சொல்லும் நாவல் "1984". இதைவிடப் பொருத்தமான புத்தகம் அமேசானுக்குக் கிடைத்திருக்காது!

பிரான்ஸ் காட்டிய வழி

கடைக்கும் பதிப்பகத்துக்கும் விலைச் சண்டையே வரக்கூடாது என்று சட்டம் போட்ட நாடும் உண்டு. பிரான்சில் 1981-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி ஒரு சட்டம் வந்தது. அப்போதைய கலாசார மந்திரி ஜாக் லாங் பெயரால் அது அழைக்கப்படுகிறது. பதிப்பகம் வைத்த விலையில் 5 சதவீதத்துக்கு மேல் எந்தக் கடையும் தள்ளுபடி தரக்கூடாது. பாரீஸ் பெருங்கடையானாலும் பட்டிக்காட்டுக் கடையானாலும் ஒரே விலை.

இணையதளக் கடைகள் தபால் கூலியை இலவசமாக்கி இதில் ஓட்டை போட்டன. 2014-ம் ஆண்டு, தபால் கூலி இலவசம் கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டது. அமேசான் என்ன செய்தது? ஒரே ஒரு சென்ட் கூலி வாங்கியது! பிறகு 2023-ம் ஆண்டு அக்டோபரில் இருந்து, 35 யூரோவுக்குக் குறைந்த புத்தக ஆர்டருக்குக் குறைந்தது 3 யூரோ தபால் கூலி என்று அரசு நிர்ணயித்தது. ஊருக்கு ஊர் புத்தகக் கடை பிழைத்திருக்க இது உதவலாம். கடையே இல்லாத குக்கிராமத்து வாசகர் 3 யூரோ அதிகம் கொடுக்கிறார் என்பதும் உண்மை. பிரிட்டனிலும் கிட்டத்தட்ட நூறு ஆண்டு காலம் இப்படி ஒரே விலை ஏற்பாடு பதிப்பாளர்களுக்குள் இருந்தது. 1995-ம் ஆண்டு அது உடைந்தது.

இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லை. சென்னை புத்தகக் கண்காட்சியில் எந்தக் கடைக்குப் போனாலும் 10 சதவீதம் தள்ளுபடி என்ற வழக்கம், சட்டம் இல்லாமலே ஏறத்தாழ அதே வேலையைச் செய்கிறது. ஆனால் அது கண்காட்சி நடக்கும் சில நாட்களுக்குத்தான்.

கோரமங்கலாவில் பிறந்த கடை

இந்தியாவில் இணையதளப் புத்தக வியாபாரம் வளர்ந்தது பெங்களூருவில்தான். சச்சின் பன்சால், பின்னி பன்சால் என்ற இரண்டு இளைஞர்கள் 2007-ம் ஆண்டு கோரமங்கலாவில் ஒரு குடியிருப்பில் பிளிப்கார்ட்டைத் தொடங்கினார்கள். முதலில் விற்றது புத்தகம் மட்டுமே. முதல் ஆர்டர் அன்றைய ஆந்திராவின் மகபூப்நகரில் இருந்து வந்தது.

2010-ம் ஆண்டு, புத்தகம் கைக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும் என்ற வசதி வந்தது. கிரெடிட் கார்டு இல்லாத குமாஸ்தாவும் தொழிற்சாலை ஊழியரும் அப்போதுதான் இந்தக் கடைக்குள் நுழைந்தார்கள். பிள்ளைகளின் போட்டித் தேர்வுப் புத்தகம் அட்டையில் 500 ரூபாய் என்று இருக்கும். வீட்டுக்கு வரும்போது 350 ரூபாய். மாதச் சம்பளக்காரருக்கு அந்த 150 ரூபாய் சும்மா அல்ல.

தமிழ்ப் புத்தகத்தைப் பொறுத்தவரை நன்மை இன்னும் அதிகம். வெளிமாநிலத்தில் இருக்கும் தமிழர், ஒரு காலத்தில் பொங்கலுக்கோ ஆடிக்கோ ஊருக்குப் போகும்போது வாங்கி வந்தால்தான் உண்டு. அல்லது ஊரில் இருந்து வருகிறவரிடம் சொல்லி அனுப்ப வேண்டும். அல்சூரில் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. ஆனால் பீன்யாவில் ஷிப்டு முடித்து வருகிறவருக்கு அது தூரம். 2016-ம் ஆண்டு டிசம்பரில் இருந்து கிண்டிலிலும் தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. ஆகவே இணையதளக் கடை வேண்டாம் என்று வெளிமாநிலத் தமிழரிடம் சொல்வது வீண் பேச்சு. ஒரே கடையை நம்பி இருக்கும்போது, அந்தக் கடையின் சண்டை நம் சண்டையாகி விடுகிறது என்பதுதான் கவலை.

"எங்களிடம் மட்டுமே!"

அமெரிக்காவில் கடை, பதிப்பகத்தை ஒதுக்கியது. அதே 2014-ம் ஆண்டு இந்தியாவில் நடந்தது தலைகீழ். இங்கே ஒரு பதிப்பகமும் இணையதளக் கடையும் கைகோர்த்து, மற்றக் கடைகளை ஒதுக்கின.

சேத்தன் பகத்தின் "ஹாப் கேர்ள்பிரெண்ட்" நாவல் அக்டோபர் மாதம் வெளியானது. பதிப்பித்தது ரூபா நிறுவனம். முதலில் பிளிப்கார்ட்டில் மட்டுமே கிடைக்கும் என்று பத்திரிகைகளில் பெரிய பெரிய விளம்பரங்கள் வந்தன. அந்த ஆசிரியரின் நூல்களை ரெயில் நிலையக் கடையிலும் நடைபாதையிலும் விற்றுப் பழக்கிய வியாபாரிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

டிசம்பரில் இன்னொன்று. அப்போது ஜனாதிபதியாக இருந்த பிரணாப் முகர்ஜி, இந்திரா காந்தி காலத்தைப் பற்றி எழுதிய "தி டிரமாட்டிக் டிகேட்" என்ற நூல். இதையும் ரூபாதான் வெளியிட்டது. முதல் 21 நாட்கள் அமேசானில் மட்டும் விற்பனை. டெல்லி புத்தக வியாபாரிகள் கொதித்தெழுந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். நாட்டின் முதல் குடிமகன் எழுதிய புத்தகம், நாட்டில் உள்ள புத்தகக் கடை எதிலும் இல்லை! கம்ப்யூட்டர் இல்லாத, செல்போனில் ஆர்டர் போடத் தெரியாத வாசகர் அந்த 21 நாளும் காத்திருக்க வேண்டும். நாவலைவிட இது மோசம் என்றே சொல்ல வேண்டும். கதைப் புத்தகம் வியாபாரம். அவசர நிலை நாட்களைப் பற்றி ஒரு ஜனாதிபதி சொல்வது நாட்டு மக்கள் எல்லோரும் ஒரே நாளில் படிக்க வேண்டியது.

பிறகு மத்திய அரசு 2018-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, வெளிநாட்டு முதலீடு பெற்ற இணையதளச் சந்தைகளுக்கு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. தங்கள் தளத்தில் மட்டுமே விற்க வேண்டும் என்று எந்த விற்பனையாளரையும் அவை கட்டாயப்படுத்தக் கூடாது. 2019-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. "கட்டாயப்படுத்தக் கூடாது" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பதிப்பகம் தானாக விரும்பிக் கொடுத்தால்?

கடையே பதிப்பகம் ஆனால்...

கடையும் பதிப்பகமும் ஒரே கையில் இருந்தால் தகராறே வராது அல்லவா? அதற்கும் ஓர் உதாரணம் உண்டு. அதில் சென்னைக்கும் பெங்களூருவுக்கும் பங்கு இருக்கிறது.

வெஸ்ட்லாண்ட் என்ற ஆங்கிலப் பதிப்பகத்தின் பழைய நூல்களைப் புரட்டினால், சென்னை மதுரவாயல் முகவரியைக் காணலாம். டாடா குழுமத்தின் டிரென்ட் நிறுவனத்திடம் அது இருந்தது. அமேசான் முதலில் ஒரு பங்கை வாங்கி, பிறகு முழுவதையும் வாங்கிக்கொண்டது. சேத்தன் பகத், அமிஷ் திரிபாதி போன்றோரின் லட்சக்கணக்கில் விற்ற நூல்கள் அதில் வந்தன. தமிழ் எழுத்தாளர் பெருமாள் முருகனின் "பூனாச்சி" நாவல், என்.கல்யாண்ராமன் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2018-ம் ஆண்டு வெளிவந்ததும் வெஸ்ட்லாண்ட் மூலம்தான். அரசியல், புலனாய்வு நூல்களைத் துணிந்து வெளியிடும் பதிப்பகம் என்றும் பெயர் வாங்கியிருந்தது.

2022-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி, வெஸ்ட்லாண்டை மூடுவதாக அமேசான் அறிவித்தது. பரிசீலித்து எடுத்த கடினமான முடிவு என்றார்கள். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

அந்தப் பிப்ரவரி மாதம் இந்தியப் புத்தகக் கடைகளில் ஒரு புதுவிதமான கூட்டம். வெஸ்ட்லாண்ட் நூல்கள் இருக்கும்போதே வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர்கள் வாசகர்களை அழைத்தார்கள். விற்காத பிரதிகள் கூழாக்கப்படும் என்ற பயம் பரவியது. புயல் எச்சரிக்கை வந்ததும் மண்ணெண்ணெய் வாங்கி வைப்பது போலப் புத்தகம் வாங்கி வைத்தார்கள். போட்டியாளர் அடித்து வீழ்த்திய பதிப்பகம் அல்ல அது. நூல்களை வாசகர் கேட்டு வாங்கிக்கொண்டு இருந்தபோதே, வாங்கிய முதலாளி மூடிய பதிப்பகம். பதிப்புரிமை எழுத்தாளர்களுக்குத் திரும்பியது. பெரிய பெயர் உடையவர்களை மற்றப் பதிப்பகங்கள் உடனே அழைத்துக்கொண்டன. மற்றவர்கள் தங்கள் நூலைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாக ஏற வேண்டியிருந்தது.

தமிழில் "பூனாச்சி" படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மூல நூலைக் காலச்சுவடு பதிப்பகம் 2016-ம் ஆண்டே வெளியிட்டிருந்தது. அதன் உரிமையாளர் கடைக்காரர் அல்ல.

இரண்டு மாதம் கழித்து ஒரு நல்ல செய்தி வந்தது. இந்திய மொழிகளில் கதைகளை இணையதளத்தில் வெளியிடும் பிரதிலிபி என்ற நிறுவனம், வெஸ்ட்லாண்ட் குழுவினரைச் சேர்த்துக்கொண்டு பதிப்பகத்தை மறுபடி நடத்த முன்வந்தது. தமிழ் உட்படப் பல மொழிகளில் வாசகர்கள் உள்ள பிரதிலிபியின் தலைமையிடம் பெங்களூரு. வெஸ்ட்லாண்ட் பெயரில் மீண்டும் புத்தகங்கள் அச்சாகின. அவை கடைகளிலும் கிடைக்கின்றன, அமேசானிலும் கிடைக்கின்றன.